நியூட்டனுக்கு ஆறு திசை போதும்

இங்கிலாந்துக்காரரான ஜான் டஃப்லி 1990களின் தொடக்கத்தில் ‘ஃபுல் த்ரஸ்ட்’ என்ற விண்வெளிப் போர் விளையாட்டுக்கு விதிகள் எழுதினார். விரல் நீளத்தில் வார்த்த உலோகக் கப்பல்கள், கறுப்புத் துணி விரித்த மேசை, நாலைந்து பகடைகள், ஓர் அளவுநாடா. இவ்வளவுதான் தேவை. சதுரங்கப் பலகைபோல் கட்டங்கள் எதுவும் கிடையாது. ஒவ்வொரு கப்பலுக்கும் வேகம் ஒன்று, போகும் திசை ஒன்று. வேகம் 12 என்றால் இந்தச் சுற்றில் 12 அங்குலம் நகரும். திசையைக் கடிகார மணிகளால் சொல்வார்கள்; பன்னிரண்டு திசைகள், அடுத்தடுத்த மணிகளுக்கு நடுவே 30 பாகை. உந்துதிறன் 4 உள்ள கப்பல் ஒரு சுற்றில் தன் வேகத்தை நாலு வரை கூட்டலாம், குறைக்கலாம். அந்த நாலில் பாதியைத் திரும்புவதற்குச் செலவிடலாம், புள்ளிக்கு ஒரு மணி வீதம். திரும்பலில் பாதி பயணத்தின் தொடக்கத்தில், மீதி நடுவழியில். இரு தரப்பும் முதலில் உத்தரவுகளைக் காகிதத்தில் எழுதிவிட்டு, பிறகுதான் கப்பல்களில் கைவைக்க வேண்டும்.

பீரங்கிகளும் இதே எளிமைதான். கப்பலைச் சுற்றி 60 பாகை கொண்ட ஆறு சுடுகோணங்கள். கதிர் ஆயுதத்துக்கு 12 அங்குலத்துக்கு ஒரு பகடை குறையும். இரண்டாம் வகுப்புக் கதிர் என்றால் 12 அங்குலத்துக்குள் இரண்டு பகடை, 24 வரை ஒன்று, அதற்கு அப்பால் ஒன்றுமில்லை. பகடையில் 4 அல்லது 5 விழுந்தால் ஒரு சேதம், 6 விழுந்தால் இரண்டு.

சிக்கல் அளவுநாடாவில்தான் தொடங்குகிறது. இருபது கப்பல்கள் நெருங்கிவிட்ட பிறகு நாடாவை வளைக்காமல் வைக்க இடமிருக்காது. யாருடைய முழங்கையோ பட்டு ஒரு குரூசர் கால் அங்குலம் நகர்ந்துவிடும். எதிரி 12 அங்குலத்தில் இருக்கிறானா, பன்னிரண்டே காலிலா என்ற கேள்வியில் ஒரு பகடையும் சில சமயம் ஒரு நட்பும் அடங்கியிருக்கும். ஆகவே இந்த விளையாட்டை அறுகோணக் கட்டம் அச்சிட்ட தாளுக்கு மாற்றிவிடலாமே என்ற எண்ணம் ஆடுபவர்களுக்கு வந்துகொண்டே இருக்கிறது. அங்குலத்துக்குப் பதில் கட்டம். பன்னிரண்டு மணிகளுக்கு அறுகோணத்தின் ஆறு பக்கங்களும் ஆறு முனைகளும். கணக்கு இவ்வளவு அழகாக ஒத்துப்போனால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று பொருள்.

போர் விளையாட்டுகளுக்கு அறுகோணம் வந்தது அமெரிக்காவில். அவலான் ஹில் நிறுவனத்தின் சார்லஸ் ராபர்ட்ஸ் தம் முதல் விளையாட்டுகளைச் சதுரக் கட்டத்தில்தான் வெளியிட்டார். ரேண்ட் ஆய்வு நிறுவனத்தின் போர் ஆய்வாளர்கள் அறுகோணக் கட்டம் பயன்படுத்துவதை அறிந்து, 1961 முதல் அதற்கு மாறினார். காரணம் எளிது. சதுரத்தில் மூலைக்கு மூலை நகர்வதும் பக்கவாட்டில் நகர்வதும் ஒரே ‘ஒன்று’. ஆனால் மூலைவிட்டத்தின் உண்மை நீளம் 1.414. மூலைவழியே போகிறவன் 41 விழுக்காடு தூரத்தை இலவசமாகப் பெறுகிறான். அறுகோணத்துக்கு ஆறு அண்டைக் கட்டங்கள். ஆறும் ஒரே தொலைவில். இந்தச் சமத்துவத்துக்காகத்தான் அறுபது ஆண்டுகளாக அந்தத் தாள்கள் அச்சாகின்றன.

ஆனால் அண்டையில் இருக்கும் சமத்துவம் தள்ளிப்போனால் நீடிப்பதில்லை. அறுகோணத்தின் பக்கத்தைக் கடந்து நேராக 12 கட்டம் போனால் 12 அலகு தூரம். முனை காட்டும் திசையில் போக நேர்வழி இல்லை. இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று வளைந்து வளைந்து போக வேண்டும். இரண்டு எட்டு வைத்தால் கிடைப்பது இரண்டலகு இல்லை; மூன்றின் வர்க்கமூலம், அதாவது 1.732. பன்னிரண்டு எட்டுக்கு 10.39 அலகு. ஆக, 12 மணித் திசையில் வேகம் 12 உள்ள கப்பலும் 1 மணித் திசையில் அதே வேகமுள்ள கப்பலும் ஒரே தூரம் போவதில்லை. இரண்டாவது கப்பல் 13 விழுக்காடு மெதுவாகிவிடுகிறது, அதன் இயந்திரத்தில் எந்தக் கோளாறும் இல்லாமலே.

இதற்கு ஒரு மருந்து உண்டு. முனைத் திசையில் போகும்போது வேகத்தில் ஏழுக்கு ஒன்று கூட்டிக்கொள்ளுங்கள். வேகம் 7 என்றால் 8 எட்டு. உண்மைத் தூரம் 6.93. வேகம் 14 என்றால் 16 எட்டு; 13.86. ஒரு விழுக்காட்டுப் பிழைக்காக எந்தத் தளபதியும் சண்டை போடமாட்டார். நடுவில் வரும் 3, 4, 10, 11 போன்ற வேகங்களில் முழுக் கட்டத்துக்குச் சரிக்கட்ட வேண்டியிருக்கும், அங்கே பிழை கொஞ்சம் கூடும். அதோடு எட்டுகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையானால் கப்பல் கடைசியில் கோட்டின் இடப்பக்கம் நிற்குமா, வலப்பக்கமா? அதை ஆடுபவரே தேர்ந்தெடுக்கலாம் என்று விட்டால், உந்துதிறனே செலவழிக்காமல் அரைக் கட்டம் விலகும் வித்தை ஒவ்வொரு சுற்றிலும் கையில் கிடைத்துவிடும். இடம், வலம் என்று மாறி மாறி வர வேண்டும் என எழுதிவைப்பது நல்லது.

வேறொரு வழி, முனைத் திசைகளை அடியோடு ஒழித்துவிடுவது. 1979இல் வெளிவந்த ‘ஸ்டார் ஃப்ளீட் பேட்டில்ஸ்’ அதைத்தான் செய்தது. ஸ்டீபன் கோல் அதைத் தொடக்கத்திலிருந்தே அறுகோணத்துக்கென்று எழுதினார்: ஆறே திசைகள், திரும்புமுன் கப்பல் இத்தனை கட்டம் நேராக ஓடியிருக்க வேண்டும், வேகம் கூடக்கூட அந்த ஓட்டமும் நீளும். ஒரு சுற்றை 32 துண்டுகளாக வெட்டி, எந்தத் துண்டில் எந்த வேகக் கப்பல் ஒரு கட்டம் நகரும் என்று அட்டவணை போட்டார். கட்டத்துக்குள்ளேயே பிறந்த விதி, அதனால் கட்டத்தோடு சண்டை இல்லை. ஃபுல் த்ரஸ்டை அப்படி ஆறு திசைக்குள் அடைத்தால் முதலில் அடிபடுவது சரக்குக் கப்பல்கள். உந்துதிறன் 2 உள்ள கப்பல் சுற்றுக்கு ஒரு மணிதான் திரும்ப முடியும். அதாவது 30 பாகை. அந்தத் திசையே இல்லை என்றால் அது எப்போதும் திரும்பாது. ஒரு சுற்றில் புள்ளியைச் சேர்த்துவைத்து அடுத்த சுற்றில் 60 பாகையாகத் திரும்பலாம் என்று இடம் கொடுக்க வேண்டியிருக்கும்.

நகர்வை ஒருவாறு சரிசெய்துவிடலாம். வீச்செல்லையில்தான் உண்மையான வேடிக்கை இருக்கிறது.

கப்பலிலிருந்து 12 அங்குலம் என்றால் மேசையில் அது ஒரு வட்டம். கட்டத்தாளில் 12 கட்டம் என்றால் அது பெரிய அறுகோணம். கோலம் போடுகிறவர்கள் இந்த வடிவத்தை நன்றாக அறிவார்கள். ‘15 புள்ளி, 8 வரை, இடைப்புள்ளி’ என்று பத்திரிகைகளில் போடுவார்களே, அதை வைத்துப் பாருங்கள். நடு வரிசையில் 15, மேலும் கீழும் 14, 13 என்று குறைந்து 8இல் நிற்கும். நடுப்புள்ளியிலிருந்து ஏழு எட்டுக்குள் சென்றடையக்கூடிய எல்லாப் புள்ளிகளும் அவைதாம், 169. அறுகோணக் கட்டங்களின் மையங்கள் இடைப்புள்ளிக் கோலத்தின் புள்ளிகளாகவே அமைகின்றன. இந்தக் கட்ட உலகத்தில் ‘வட்டம்’ என்பது அந்த அறுகோணம். அதன் சுற்றளவைக் கட்டங்களால் எண்ணி விட்டத்தால் வகுத்தால் சரியாக 3 வரும். பை மூன்றாக இருக்கும் ஓர் உலகம்.

உள்ளே இருப்பவர்களுக்கு இதில் குறை தெரியாது என்று வாதிடலாம். நகர்வையும் கட்டத்தால் எண்ணுகிறோம், வீச்சையும் கட்டத்தால் எண்ணுகிறோம், இருவருக்கும் ஒரே கோல். நியாயம்தானே? முழு நியாயம் இல்லை. அறுகோணத்தின் பக்கம் நேர்கோடு. எதிரியிலிருந்து 12 கட்டத்தில் நின்று, அந்தப் பக்கத்தோடு ஒட்டி நேராக 12 கட்டம் பறந்தால், வழி நெடுக எதிரியிடமிருந்து உங்கள் தொலைவு மாறாமல் 12 ஆகவே இருக்கும். திரும்பாமலே வட்டமடிப்பது! நிஜ மேசையில் அதே நேர்கோடு நடுவழியில் எதிரியிடமிருந்து 10.39 அங்குலத்துக்கு நெருங்கிவிடும். நேரே ஓடினால் நெருங்குவோம், விலகி நிற்க வேண்டுமானால் உந்துதிறனைச் செலவழித்து வளைய வேண்டும் என்பதுதான் இந்த விளையாட்டின் உயிர். கட்டத்தாள் அந்தச் செலவைத் தள்ளுபடி செய்துவிடுகிறது.

இன்னொரு வினையும் உண்டு. ஒரு திசையில் 7 கட்டம், அதற்கு 60 பாகையில் 6 கட்டம் என்று தள்ளி நிற்கும் கப்பல் எண்ணிக்கைப்படி 13 கட்டத் தொலைவில் இருக்கிறது. 12 கட்ட வீச்சுள்ள ஆயுதம் அதைத் தொடாது. உண்மைத் தொலைவு 11.27தான். இதைக் கண்டுகொண்ட ஆட்டக்காரர் தன் கப்பல்களை எப்போதும் எதிரியின் முனைத் திசையிலிருந்தே கொண்டுவருவார். தாளுக்கு மரத்தைப்போல ஓர் இழையோட்டம் வந்துவிடுகிறது.

உண்மைத் தொலைவைக் காணச் சூத்திரம் இருக்கிறது. ஒரு திசையில் அ கட்டம், 60 பாகை தள்ளிய திசையில் ஆ கட்டம் என்றால், தொலைவின் வர்க்கம்: அ-வின் வர்க்கம், ஆ-வின் வர்க்கம், அ-ஆ பெருக்கல், இம்மூன்றின் கூட்டல். மேலே சொன்ன கப்பலுக்கு 49, 36, 42, மொத்தம் 127. பன்னிரண்டின் வர்க்கம் 144. 127 அதைவிடக் குறைவு, ஆகவே சுடலாம். வர்க்கமூலமே எடுக்க வேண்டாம். போர் நடுவே இந்தப் பெருக்கலைக்கூட யாரும் செய்யப்போவதில்லை என்பதால் நான் பரிந்துரைப்பது இது: பெரிய எண்ணோடு சிறிய எண்ணின் முக்காலைக் கூட்டுங்கள். 7 கட்டமும் 6 கட்டமும் என்றால் பதினொன்றரை. எந்தத் திசையிலும் பிழை நாலு விழுக்காட்டை ஒட்டியே நிற்கும். வெறுமனே எண்ணுவதில் வரும் 15 விழுக்காட்டுக்கு இது எவ்வளவோ மேல்.

சுடுகோணங்களில் ஒரு சிறு விசித்திரம் மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறேன். கப்பலின் மூக்கு பக்கத்தைப் பார்த்திருந்தால் ஆறு அண்டைக் கட்டங்களும் ஆறு சுடுகோணங்களின் நட்டநடுவில் ஆளுக்கொன்றாக உட்காரும். மூக்கை ஒரு மணி திருப்பி முனையைப் பார்க்கவைத்தால், ஆறு அண்டைக் கட்டங்களும் கோணங்களின் எல்லைக்கோட்டின் மேலேயே விழும், ஒன்றுகூடத் தப்பாது. எல்லையில் உள்ள கட்டம் இரு கோணங்களுக்கும் சொந்தம் என்று விதி செய்தால், மிக நெருங்கிய சண்டையில் முனையைப் பார்க்கும் கப்பலுக்கு ஆயுதங்கள் இரட்டிப்பாகப் பயன்படும். அது பிடிக்காவிட்டால் வலப்பக்கக் கோணத்துக்கே சொந்தம் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டுமே மனிதர்கள் போடும் ஒப்பந்தம், இயற்கை இதில் எதையும் தீர்மானிக்கவில்லை.

தாளின் அளவும் தடைதான். ஆறடிக்கு நாலடி மேசையை அங்குலத்துக்கு ஒரு கட்டமாக நிரப்பினால் ஏறத்தாழ 4,000 கட்டங்கள். கட்டம் ஒன்றுக்கு இரண்டலகு என்று வைத்தால் வீச்செல்லைகள் 6, 12, 18 ஆகச் சுருங்கும், தாளும் கைக்கு அடங்கும். வேகத்தை மட்டும் பாதியாக்கி, திரும்பும் புள்ளிகளை அப்படியே விட்டுவிட வேண்டும். அதையும் பாதியாக்கினால் கப்பல்கள் ரயில்வண்டிகளாகிவிடும்.

இத்தனை ஒட்டுப்போட்ட பிறகு ஒரு கேள்வி எழ வேண்டும். நகர்வில் வரும் இந்தப் பிழைகளெல்லாம் எங்கிருந்து வருகின்றன? எல்லாமே திரும்புவதிலிருந்து. ஃபுல் த்ரஸ்டின் அடிப்படை நகர்வை ஆடுபவர்கள் ‘சினிமா நகர்வு’ என்பார்கள். மூக்கு எந்தப் பக்கமோ கப்பலும் அந்தப் பக்கம் போகும், திரையில் பார்க்கும் விண்கப்பல் ஆகாய விமானம்போல் வளைந்து பறப்பதைப்போல. அதற்கு ஒரே நீளத்தை எல்லாக் கோணத்திலும் வைக்க வேண்டும். புள்ளி வரிசையில் 60 பாகை திரும்பினால் புள்ளி புள்ளியிலேயே விழும். 30 பாகை திரும்பினால் விழாது. மூன்றின் வர்க்கமூலம் குறுக்கே வந்து நிற்கும், அது எந்தப் பின்னத்துக்கும் அடங்காத எண். ஜெர்மானியக் கணிதர் கோட்ஹோல்ட் ஐசன்ஸ்டைன் இந்தப் புள்ளி வரிசையையே ஓர் எண் குடும்பமாக ஆராய்ந்தார். 29 வயதில் 1852இல் இறந்தும் போனார். மேலே சொன்ன வர்க்கச் சூத்திரம் அவர் பெயர் தாங்கிய எண்களின் அளவுதான்.

இனி, வெற்றிடத்தில் கப்பல் நிஜமாக எப்படி நகரும் என்று பாருங்கள். மூக்கு எங்கே பார்த்தாலும், இயந்திரம் அணைந்திருந்தால் போன சுற்றில் போன அளவு, போன திசையிலேயே மறுபடியும் போகும். இயந்திரத்தை ஓட்டினால் அந்த இடப்பெயர்ச்சியோடு சிறிது கூடும். இதில் கோணமே தேவைப்படவில்லை, கூட்டல் போதும். புள்ளியிலிருந்து புள்ளிக்குப் போகும் இரண்டு நகர்வுகளைக் கூட்டினால் விடை புள்ளியில்தான் விழும், எத்தனை முறை கூட்டினாலும். சரிக்கட்ட ஒரு துளியும் மிஞ்சாது. விமானம்போல் பறக்கும் சினிமாக் கப்பலை வதைக்கும் அதே தாள், நியூட்டனின் கப்பலுக்குத் துல்லியமான வீடு.

சதுரக் கட்டத்திலும் கூட்டல் துல்லியம்தான். 1973இல் மார்ட்டின் கார்ட்னர் சயன்டிபிக் அமெரிக்கன் இதழில் அறிமுகப்படுத்திய காகிதக் கார்ப் பந்தயம் சதுரத்தாளில்தான் ஓடியது. ஆனால் அங்கே மூலைப்பக்கம் உந்துகிறவனுக்கு அதே 41 விழுக்காடு லாபம். அறுகோணத்தில் ஆறு உந்துதல்களும் சம வலிமை. அதே 1973இல் மார்க் மில்லரும் ஜான் ஹார்ஷ்மனும் வடிவமைத்து வெளியான ‘ட்ரைபிளானட்டரி’ இதைப் பிடித்துக்கொண்டது. சூரியக் குடும்பத்தின் உட்பகுதி அறுகோணத் தாளில். ஒவ்வொரு கப்பலின் பாதையையும் அழிக்கக்கூடிய பென்சிலால் அம்பாக வரைய வேண்டும். அடுத்த அம்பு அதே நீளம், அதே திசை. ஒரு புள்ளி எரிபொருளுக்கு அம்பின் நுனியை அண்டைக் கட்டம் ஒன்றுக்குத் தள்ளலாம். கோளைச் சுற்றியுள்ள கட்டங்களில் ஈர்ப்பு அம்புகள் அச்சிட்டிருக்கும். அவற்றின் வழியே போனால் அடுத்த சுற்றில் உங்கள் நுனி கோளின் பக்கம் ஒரு கட்டம் இழுபடும். கோளை ஒட்டிப் பறந்து பாதையை வளைப்பதைப் பத்து நிமிடத்தில் ஒரு பள்ளி மாணவர் கற்றுக்கொள்ளலாம்.

உந்த ஆறே திசைகள் இருந்தாலும் பயணம் ஆறு திசையில் அடங்குவதில்லை. ஒரு திசையில் 5, அடுத்ததில் 2 என்று சேர்ந்த கப்பல் 16 பாகையில் போகும். ஃபுல் த்ரஸ்டின் கடிகாரத்தில் அப்படியொரு மணியே கிடையாது. முனைத் திசையில் உந்த விரும்பினால் இருபுறமும் ஆளுக்கொரு புள்ளி செலவழிக்கலாம். இரண்டு புள்ளிக்கு 1.73 பலன். அந்த நஷ்டம் கண்ணுக்குத் தெரிகிறது, அது யாரையும் ஏமாற்றுவதில்லை.

1978இல் வந்த ‘மேடே’ என் கணக்கில் இந்த வகையின் சிறு ரத்தினம். பென்சில் வேண்டாம், கப்பலுக்கு மூன்று காய்கள். போன சுற்றில் இருந்த இடம், இப்போது இருக்கும் இடம், அடுத்து இருக்கப்போகும் இடம். முந்தையதிலிருந்து இப்போதையதற்கு உள்ள தாவலை அப்படியே முன்னால் வைத்து எதிர்காலக் காயைப் போடு. உந்துதல் இருந்தால் அதைச் சில கட்டம் நகர்த்து. அவ்வளவுதான் விதி. இப்போதைய இடத்தை இரட்டித்து, முந்தைய இடத்தைக் கழித்து, முடுக்கத்தைக் காலத்தின் வர்க்கத்தால் பெருக்கிக் கூட்டுவது என்று இதைக் கணிதமாக எழுதலாம். 1967இல் பிரெஞ்சு இயற்பியலர் லூப் வெர்லே ஆர்கான் அணுக்கள் 864இன் அசைவைக் கணினியில் பின்தொடர இதே சமன்பாட்டைத்தான் பயன்படுத்தினார். அதற்கும் வெகு முன்பு நார்வேயின் கார்ல் ஸ்டோர்மர், துருவ ஒளியை உண்டாக்கும் மின்துகள்களின் பாதைகளைக் கையால் கணக்கிட இதே முறையைக் கையாண்டார். மூலக்கூறு இயக்கக் கணக்கீடுகளில் இதன் உறவினர்கள் இன்றும் ஓடுகின்றன.

மேடேயின் அளவுகளையும் சோதித்துப் பார்க்கலாம். ஒரு கட்டம் ஓர் ஒளிநொடி, ஏறத்தாழ 3 லட்சம் கிலோமீட்டர். ஒரு சுற்று 100 நிமிடம். பூமியின் ஈர்ப்புக்குச் சமமான முடுக்கத்துடன் ஒரு சுற்று உந்தினால் எதிர்காலக் காய் ஒரு கட்டம் நகரும். 9.8ஐ 6,000இன் வர்க்கத்தால் பெருக்கினால் 35 கோடியே 28 லட்சம் மீட்டர், அதாவது மூன்றரை லட்சம் கிலோமீட்டர். கட்டத்தோடு 18 விழுக்காடு இடிக்கிறது. சுற்றை 92 நிமிடம் என்று வைத்திருந்தால் கச்சிதமாக வந்திருக்கும். ஆனால் 100 என்பதை மனத்தில் வைப்பது எளிது. அந்த முடிவை நான் குறை சொல்லமாட்டேன்.

ஃபுல் த்ரஸ்டிலும் சினிமா நகர்வுக்கு மாற்றாக நியூட்டன் வகை நகர்வு 1998இல் அதற்குத் துணைநூலாக வந்த முதல் ‘ஃப்ளீட் புக்’கிலேயே இருக்கிறது. கட்டத்தாளுக்குப் போக விரும்புகிறவர்கள் அந்த விதிகளை எடுத்துக்கொண்டு, உந்துதலை மட்டும் ஆறு திசைகளில் நிறுத்திக்கொண்டால், மேலே சொன்ன ஒட்டுகளில் நகர்வு சம்பந்தமானவை எல்லாமே உதிர்ந்துவிடும். ஏழுக்கு ஒன்று கூட்டுவது, இடம் வலம் மாறுவது, திரும்பும் புள்ளியைச் சேமிப்பது, ஒன்றும் வேண்டாம். வீச்சுக்கான முக்கால் கணக்கு மட்டும் மிஞ்சும்.

தாளுக்கு மாறினால் போய்விடுகிற ஒன்றும் இருக்கிறது. 1930களில் நியூயார்க்கில் பிளெட்சர் பிராட் தரையில் கப்பல் மாதிரிகளைப் பரப்பிக் கடற்போர் ஆடவைத்தபோது, சுடுகிறவர் தொலைவைக் கண்ணால் மட்டுமே மதிப்பிட்டு எழுதிக்கொடுக்க வேண்டும். பிறகுதான் அளந்து பார்ப்பார்கள். தவறினால் குண்டு தண்ணீரில். பீரங்கி அதிகாரியின் திறமையும் ஆடுபவரின் கண்ணும் ஒன்றாகின. கட்டம் இருந்தால் எண்ணிவிடலாம், மதிப்பிட எதுவும் இல்லை. அந்தப் பதற்றம்தான் வேண்டும் என்பவர்கள் அளவுநாடாவோடும் சினிமா நகர்வோடும் இருப்பதே நல்லது.

மூன்றாவது பரிமாணம் பாக்கி. 2004இல் கென் பர்ன்சைட் வடிவமைத்த ‘அட்டாக் வெக்டர்: டாக்டிகல்’ அதையும் மேசைக்குக் கொண்டுவந்தது. கப்பலை உயரத்துக்கேற்ப அடுக்கிய வில்லைகளின் மேல் நிறுத்தி, சாய்வுக் கட்டைகளில் மூக்கைத் தூக்கியோ இறக்கியோ வைப்பார்கள். அங்கே கட்டம் என்பது அறுகோணத் தூண்களின் அடுக்கு. அதில் மேல் கீழ் அண்டைகளும் சுற்றியுள்ள ஆறும் ஒரே சாதி அல்ல. சற்றுச் சாய்வாக ஏறுகிறவனுக்குத் தொலைவு மறுபடி பிசகும், அதற்குத் தனி அட்டவணை பார்க்க வேண்டும். எல்லா அண்டைகளும் ஒரே தொலைவில் இருக்கும் முப்பரிமாணப் புள்ளி வரிசை இருக்கத்தான் செய்கிறது. பழக்கடையில் ஆரஞ்சு அடுக்குவது அப்படித்தான், ஒவ்வொரு பழத்துக்கும் பன்னிரண்டு அண்டைகள். நியூட்டனின் கூட்டல் அங்கேயும் துளி பிசகாமல் நடக்கும். காய்களை அந்தரத்தில் நிறுத்த மட்டும் இன்னும் யாரும் வழி சொல்லவில்லை.